ரூனேயின் பரண்

வேட்டை தொடங்க ஒரு வாரம் இருக்கையில் ரூனே பரண்களுக்குப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தான். பரண்கள் எல்லாம் கோடையில் அவனே கட்டியவை. பைன் மரக் கால்கள், ஏணி, உச்சியில் கூரை போட்ட சின்ன அறை, உள்ளே சுழல் நாற்காலி, நாற்காலியின் மேல் ஆட்டுத்தோல். பலகைகள் மட்டும் ஸ்டாக்ஹோமிலிருந்து வந்திருந்தன. கருக்கிய ஓக் மரத்தில் எழுத்துகளைச் செதுக்கி, ஒவ்வொன்றையும் மெல்லிய தாளில் சுற்றிக் கண்ணாடிச் சாமான்போல அனுப்பியிருந்தார்கள். முட்டிவலிக்காரன், ஏணியில் நின்று நின்று ஏறினான். கீழே அவனுடைய சாம்பல்நிற வேட்டைநாய் தூவா, முன்னங்கால்மேல் தாடையை வைத்துக்கொண்டு அவன் இறங்கி வருவதற்காகக் காத்திருந்தது.

முதல் பலகையில் ஹெல்மர் என்று இருந்தது. அடுத்ததில் வால்ஃப்ரிட். ஏரிக்கரைப் பரணுக்கு வந்ததில் நிக்கனோர். அது ரூனேயின் அப்பா பெயர். அதைத் திருகாணி போட்டு முடுக்கிவிட்டு, ஒரு நிமிஷம் உள்ளங்கையை அதன்மேல் வைத்திருந்தான்.

அந்தக் காட்டில் எல்க் மானுக்காகக் காத்திருக்கும் இடங்களுக்கெல்லாம் இறந்தவர்களின் பெயர்தான். ஒருவன் ஆயுள் முழுக்க ஒரே பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பான். அவன் இருக்கும்வரை அது வெறும் பாறை. அவனைப் புதைத்தபின் வருகிற செப்டம்பரில், வேட்டைத் தலைவன் வாக்கிடாக்கியில் அந்த இடத்தை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். அதன்பிறகு யார் அங்கே உட்கார்ந்தாலும் அந்தப் பெயருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. கல்லறைக் கல்லில் பெயர் வெட்டுவது மாதிரி; ஆள் நடமாடும்போது யாரும் வெட்டமாட்டார்கள்.

நிக்கனோர் தன் இடத்தில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தவர். வேட்டை முடிந்த மாலையில் ஒவ்வோர் இடத்திலிருந்தும் பதில் வந்தது, அவரிடமிருந்து வரவில்லை. போய்ப் பார்க்க ரூனேயைத்தான் அனுப்பினார்கள். தொப்பி கண்ணை மறைத்திருந்தது, ஒரு கையுறை கழன்று மடியில் கிடந்தது. தூங்குகிறார் என்று நினைத்து ரூனே அவர் தோளைத் தட்டினான். அப்போது புதுப்பெண்ணாக இருந்த அவன் மனைவி சீவ், ஊர்ப் பெண்கள் எல்லோரையும்போலச் சமையலறையில் வாக்கிடாக்கியைத் திறந்துவைத்து, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பரண் சதுப்பின் ஓரத்தில் இருந்தது. அங்கேதான் ரூனே இருபது வயதிலிருந்து ஒவ்வொரு செப்டம்பரும் உட்கார்ந்தான். ஊர்க்காரர்கள் அதைச் சதுப்போரம் என்பார்கள். ஏணியின் உச்சியில் நின்று கடைசிப் பொட்டலத்தைப் பிரித்தான். தாள் கீழே பறந்தது. பலகையில் ரூனே என்று இருந்தது.

நான்கு சக்கர மோட்டார் சத்தம் கேட்டபோதும் அவன் அதே படியில்தான் நின்றிருந்தான். காஸ்பர் வண்டியை அணைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தான். நாற்பது வயதிருக்கும். பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் யாருக்கும் புரியாத ஒரு பதில் சொல்வான். ஆள் கெட்டவனில்லை. ஊரில் பிள்ளைகுட்டிவரை எல்லோரும் தன்னை நீ என்றே கூப்பிட வேண்டும் என்பான். கூப்பிடவைத்துக்கொண்டே காட்டில் முக்கால்வாசியை வாங்கி முடித்திருந்தான்.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டான். "வேட்டைத் தலைவன் எவெர்ட் ஒருநாள் எல்லா இடத்துப் பேரையும் வரிசையா சொன்னான். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. இது உன் இடம்தானே? நிலம் யார் பேர்ல இருந்தா என்ன, இடம் உன் பேர்லதான் இருக்கும்."

ரூனே வாய்வழியாகக் காற்றைச் சுருக்கென்று உள்ளே இழுத்தான். அந்த வடக்குப் பகுதிக்காரர்கள் ஆமாம் என்பதை அப்படித்தான் சொல்வார்கள். வந்த புதிதில் அதைக் கேட்டு யாருக்கோ மூச்சுமுட்டுகிறது என்று பயந்த காஸ்பர், இப்போது அர்த்தம் தெரிந்துகொண்டதில் பெருமைப்படுகிறவன். சிரித்துக் கையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான். தான் இழுத்த மூச்சு ஆமாமா, வெறும் திடுக்கிடலா என்று ரூனேவுக்கே விளங்கவில்லை. திருகாணிகளைப் போட்டு முடுக்கினான். யாரும் திருடாமலிருக்க நட்சத்திரத் தலை வைத்த திருகாணிகள்; சாதாரணத் திருப்புளியால் அவற்றைக் கழற்ற முடியாது.

வீட்டில் சீவ் அதைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டாள்.

"நீயே மாட்டினியா?"

"மாட்டத்தானே கூலி குடுக்கறான்."

"போய்க் கழட்டிட்டு வா ரூனே. உயிரோட இருக்கறவன் பேரை வைக்கலாமா?"

கழற்றத் தேவையில்லை என்று அவன் விளக்கினான். மரம் அறுக்கும் ஆலையை மூடிய வருஷம், வீட்டுக் கடனுக்காக அப்பாவின் காட்டுத் துண்டை விற்றபோது, காஸ்பர் கைகொடுத்துச் சொன்ன வார்த்தை அவளுக்கு நினைவிருக்கிறதல்லவா. உன் இடம் உனக்குத்தான், சாகிறவரை நீயே உட்காரலாம் என்றான். நிலம் போனால் வேட்டை உரிமையும் கூடவே போய்விடும் என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்கு மேலே ஒரு கைகுலுக்கல் இருந்தது. போன வருஷம் பரண் தயாராகவில்லை என்று வேட்டையே நடக்கவில்லை. இப்போது பரண் வந்துவிட்டது, பெயரும் போட்டாகிவிட்டது. உயிரோடு இருக்கிறவன் பெயரை வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும், உட்காரப்போவது நான்தானே என்றான்.

அன்றே எழுதி வாங்கச் சொன்னவள் சீவ். அதை இப்போது சொல்லிக்காட்டவில்லை. "எழுதி வாங்கறவன் எதிராளியைத் திருடன்னு சொல்ற மாதிரி" என்று அவன் அன்றைக்குச் சொன்ன பதில் அவளுக்கும் மறக்கவில்லை. அந்தப் பக்கத்தில் கைகொடுத்தவனிடம் காகிதம் கேட்பது அவ்வளவு பெரிய அவமரியாதை. அந்த மரியாதையைக் காப்பாற்றித்தான் ஊரே காட்டை இழந்திருந்தது.

பேச்சை மாற்ற அவள் வழக்கமான விளையாட்டைத் தொடங்கினாள். "தூவா, ரூனே எங்கே?" அடுப்படியில் கிடந்த தூவா எழுந்து நேராக ரூனேயிடம் வந்து, ஈர மூக்கை அவன் உள்ளங்கைக்குள் நுழைத்தது. குட்டியாக இருந்தபோது சீவ் பழக்கியது. அவன் கொட்டகையில் இருந்தாலும், கழிப்பறையில் இருந்தாலும் அந்தக் கேள்விக்கு நாய் தவறாமல் அவனைக் கண்டுபிடிக்கும். சீவுக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கும் வந்தது.

திங்கட்கிழமை விடியலில் ரூனே துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு, வேட்டைக் குடிலுக்கு எடுத்துப் போனான். முற்றத்தில் வெளியூர்க் கார்கள் நின்றன. விருந்தாளிகள் புத்தம்புதுப் பச்சை உடுப்பில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கட்டும் கட்டணத்தைப் பற்றி ஊரில் பல கணக்கு உலவியது. எந்தக் கணக்கானாலும் ரூனேவின் ஒரு வருஷத்துக் கூலி அதற்குள் அடங்கிப் போய்விடும்.

காஸ்பர் தன் தொப்பியில் பித்தளை வில்லைகளைப் போட்டுக் குலுக்கினான். வில்லைக்கு ஒரு பெயர். விருந்தாளிகள் ஒவ்வொருவராகக் கைவிட்டு எடுத்து, பெயரை உரக்க வாசித்தார்கள். நிக்கனோர் என்று ஒரு பெண் வாசித்தாள். கண்ணாடி போட்ட, நல்ல முகமுள்ள ஓர் ஆள் வில்லையைத் தூக்கிப் பிடித்து, "ரூனே" என்றான்.

ரூனே துப்பாக்கியோடு கதவருகே நின்றிருந்தான். காஸ்பர் அவனை ஓரமாக அழைத்துப் போய்த் தோளில் கைபோட்டுக்கொண்டான். இந்த வாரம் எல்லாப் பரணுக்கும் ஆள் வந்துவிட்டார்கள், பணம் கட்டிவிட்டார்கள், என்ன செய்வது. சொன்ன சொல் சொல்தான். கடைசி நாள் யாராவது சீக்கிரம் கிளம்பினால் பார்க்கலாம், இல்லாவிட்டால் அடுத்த வருஷம். அதுவரை தூவாவை வைத்துக்கொண்டு, மிருகங்களைப் பரண் பக்கம் விரட்டும் வரிசையில் வந்தால் பெரிய உதவி. அதைப்போல ஒரு நாய் இந்த மாகாணத்திலேயே இல்லை. நாள்கூலி உண்டு. "சரிதானே?" என்றான். ரூனே மூச்சை உள்ளே இழுத்தான்.

விரட்டுகிறவர்களுக்குத் துப்பாக்கி கிடையாது என்பது குடிலின் புது விதி. துப்பாக்கியை வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தான்.

வேட்டைத் தலைவன் எவெர்ட், ரூனேவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். இப்போது காஸ்பரிடம் சம்பளத்துக்கு இருக்கிறான். காட்டுப் பாதையில் அவன் ரூனேவை நிறுத்தி, வாக்கிடாக்கியை மார்பில் மாட்டிவிட்டான். முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"ஒரு சிக்கல்டா. ரூனேன்னா பரண். நீயும் ரூனேன்னு பேசினா, எவன் எங்கே இருக்கான்னு எனக்குக் குழம்பிடும். சுடற இடத்துல குழப்பம் கூடாது."

"சரி, எனக்கு வேற பேரு வை."

"நாயைக் கொண்டுபோறவன் நீதான். தூவான்னு வச்சுக்கலாமா?"

"வச்சுக்கோ."

"செத்தவனுங்களுக்குக்கூடக் கிடைக்காத பாக்கியம் உனக்கு. உன் பேரை நீயே காதால கேக்கப்போற" என்றான் எவெர்ட். சிரிக்க வைக்கத்தான் சொன்னான். சொன்னவனுக்கே சிரிப்பு வரவில்லை.

வரிசை காட்டுக்குள் நின்றது. கீழே ஈரப் பாசி, கறுத்த ஸ்ப்ரூஸ் மரங்கள், எங்கோ நாரைகள் புறப்படும் சத்தம். வாக்கிடாக்கியில் எவெர்ட் ஒவ்வோர் இடமாகக் கூப்பிட்டான். ஹெல்மர். இடத்துல இருக்கேன். வால்ஃப்ரிட். இருக்கேன். நிக்கனோர் என்றதற்கு ஒரு பெண்குரல் இருக்கேன் என்றது. செத்தவர்கள் ஒவ்வொருவராக நகரத்துப் பேச்சில் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பிறகு எவெர்ட், "ரூனே" என்றான். தூவா சட்டென்று திரும்பி ரூனேயின் முகத்தைப் பார்த்தது. ரூனேயின் கட்டைவிரல் தானாகவே பொத்தானுக்குப் போய்விட்டது. அழுத்துவதற்குள் அவன் மார்பிலிருந்து வேறு ஒரு குரல் சொன்னது.

"ரூனே. இடத்துல இருக்கேன்."

நாய் அவன் மார்பையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தது.

அந்த வாரம் முழுக்கச் சதுப்புப் பக்கம்தான் எல்க் நடமாட்டம். எங்கே விரட்டத் தொடங்கினாலும் முடிவில் மிருகங்கள் அந்த ஓரத்தை நோக்கித்தான் போயின. அப்படிப் போகும் என்று தெரிந்துதான் ரூனே நாற்பது வருஷம் அங்கே உட்கார்ந்திருந்தான். "தூவா, நாயை ரூனே பக்கம் விடு" என்று எவெர்ட் சொல்வான். ரூனே குனிந்து கழுத்துப்பட்டையைக் கழற்றி, பரண் இருக்கும் திசையைக் கையால் காட்டி, நாயின் காதருகே சொல்வான். முதல் தடவை அந்தப் பெயர் அவன் வாயில் மாட்டிக்கொண்டது. திசையை மட்டும் காட்டிப் பார்த்தான், நாய் அசையவில்லை. "ரூனே" என்றான். அது அவனையே சுற்றி வந்தது. அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பரண் பக்கம் திருப்பி, மறுபடியும் சொன்னான். அப்புறம் அது ஓடியது. அடுத்தடுத்த நாள் அதற்கு அவன் காட்ட வேண்டியிருக்கவில்லை. பெயரைச் சொன்னால் போதும், மரங்களுக்குள் மறைந்துவிடும்.

ரூனே ரெண்டு சுட்டாச்சு. ரூனே தவறவிட்டுட்டான். ரூனேவுக்குப் பெரிய கொம்பு. நாள் முழுக்க இப்படியே அவன் மார்பில் வாக்கிடாக்கி பேசிக்கொண்டிருந்தது. பழைய காலத்தில் கறியை நிலத்துக்கு ஏற்றபடி பங்கு போடுவார்கள். இரண்டு பாறை அளவு நிலம் வைத்திருந்தவனுக்கும் குளிர்காலத்துக்குக் கறி வந்துசேரும். இப்போது குளிர்பெட்டி வண்டி வந்து எல்லாவற்றையும் தெற்கே கொண்டுபோனது. தோலுரிப்பதும், வயிற்றைக் கழுவுவதும் விரட்டுகிறவர்கள் வேலை.

நடுப்பகல் சாப்பாட்டில் நெருப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, கண்ணாடிக்காரன் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு ரூனேவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நகரத்தில் பல் மருத்துவனாம். நாயைத் தடவிக்கொடுத்தான், அது வேலை செய்யும் அழகை நிஜமாகவே மனம்விட்டுப் பாராட்டினான். பிறகு கையை நீட்டினான்.

"நான்தான் இந்த வாரம் ரூனே" என்று சிரித்தான். "நீ?"

நெருப்புக்கு அப்பால் எவெர்ட் காப்பிப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

"நான் விரட்டறவன்" என்றான் ரூனே. நீட்டிய கையைப் பற்றிக் குலுக்கினான்.

அன்று மாலை சீவ் அவனை வாசலிலேயே நிறுத்தி, கையைப் பிடித்து உள்ளங்கையை அழுத்திப் பார்த்தாள். என்ன பார்க்கிறாய் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள். சமையலறை ஜன்னலில் வாக்கிடாக்கி எப்போதும்போல முனகிக்கொண்டிருந்தது. பகல் முழுக்க அதில் அவன் பெயர் கேட்கிறதாம், அவன் குரல் ஒருமுறைகூடக் கேட்பதில்லையாம். நேற்றுக் கடையில் எவெர்ட்டின் மனைவி, ரூனேவுக்குப் பெரிய கொம்பு கிடைத்ததாமே என்று பேச்செடுத்து, பாதியில் வாயை மூடிக்கொண்டு ரொட்டி பார்க்கப் போய்விட்டாளாம். "நாளையோட விட்டுடு" என்றாள் சீவ். கடைசி நாள்தான் அவனுக்கு உட்காரக் கிடைக்கும் நாள், அதை எப்படி விடுவது என்றான்.

கடைசி நாள் காலையிலேயே மூடுபனி இறங்கிவிட்டது. யாரும் சீக்கிரம் கிளம்பவில்லை. பல் மருத்துவன் வழக்கம்போல ரூனே வில்லையைக் கோட்டில் குத்திக்கொண்டு நடந்தான். காஸ்பர் முற்றத்தின் மறுபக்கத்திலிருந்தே அடுத்த வருஷம் என்று ஜாடை காட்டினான். இந்த ஒரு வாரத்தில் முதல்முறையாக அவனுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம், முட்டிவலி மாதிரி நடக்க நடக்கத்தான் தெரிந்தது.

பிற்பகலில் பனி இன்னும் கெட்டியானது. பத்தடி தள்ளி நின்றவன் சாம்பல் நிழலாகத்தான் தெரிந்தான். இந்தப் பனியில் சுடக்கூடாது என்று எவெர்ட் வேட்டையை நிறுத்தி, குண்டை எடுத்துவிட்டு இறங்கச் சொல்லி ஒவ்வோர் இடமாகக் கூப்பிட்டான். எல்லா இடத்திலிருந்தும் பதில் வரும்வரை விரட்டு வரிசை நின்ற இடத்தைவிட்டு நகரக்கூடாது. அது பழைய விதி, யாரும் மாற்றாத விதி.

ஹெல்மர். எடுத்தாச்சு, இறங்கியாச்சு. வால்ஃப்ரிட். இறங்கியாச்சு. நிக்கனோர். இறங்கியாச்சு.

"ரூனே."

ஒன்றும் வரவில்லை.

"ரூனே, பதில் சொல்."

பனியில் மரங்களிலிருந்து நீர் சொட்டியது. வரிசையில் யாரும் அசையவில்லை. எவெர்ட் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் மாறியது. ஏரியும் சதுப்பும் கிடக்கும் அதே பள்ளம், கைபேசி எடுக்காத பள்ளம். அன்றைக்கு வேட்டைத் தலைவராக இருந்த எவெர்ட்டின் அப்பா, ரூனேயின் அப்பாவை இப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ரூனே கண்ணை மூடிக்கொண்டான். ஜன்னலோரம் சீவ் இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது.

கடைசியில் எவெர்ட் சொன்னான், "தூவா, நீதான் பக்கத்துல இருக்கே. போய் ரூனேயைப் பாரு. மத்த எல்லார் துப்பாக்கியும் காலியாத்தான் இருக்கு. வழியெல்லாம் சத்தம் குடுத்துக்கிட்டே போ."

அவன் உரக்கக் குரல் கொடுத்தபடி நடந்தான். நாய் முன்னால் ஓடிவிட்டது. சதுப்பின் விளிம்பில் பரணின் கால்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. மேல்பாதி தெரியவில்லை. தூவா ஏணியின் அடியில் அண்ணாந்து நின்று, அறிந்த ஆளைக் கண்டதுபோல வாலாட்டிக்கொண்டிருந்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டான். மேலேயிருந்து குரல் வந்தது.

"ரூனே. ரூனே, பதில் சொல்."

எவெர்ட்டின் குரல். அவன் மார்பிலிருந்தும் வந்தது, பனிக்குள் மேலேயிருந்தும் வந்தது. ரூனே ஏணியைப் பிடித்தான். தானே அறுத்து, தானே அடித்த படிகள். ஏற ஏற, உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்ற பயம் அவனைப் பிடித்துக்கொண்டது. பல் மருத்துவன் செத்துக் கிடப்பான் என்ற பயமில்லை அது. தொப்பி கண்ணை மறைத்து, ஒரு கையுறை மடியில் கிடக்க, தன் கோட்டைப் போட்டுக்கொண்டு, தன் முகத்தோடு யாரோ உட்கார்ந்திருப்பதாகவும், தோளைத் தட்டத்தான் தன்னை அனுப்பியிருப்பதாகவும் அவனுக்குத் தோன்றியது. கடைசிப் படியில் கொஞ்ச நேரம் நின்றான். பெயர்ப்பலகை கன்னத்தை உரசியது, ஈரமாக இருந்தது.

உள்ளே யாருமில்லை. நாற்காலி காட்டைப் பார்க்கத் திரும்பியிருந்தது. ஆட்டுத்தோலின்மேல் வாக்கிடாக்கி மட்டும் கிடந்து ரூனே ரூனே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பல் மருத்துவன் குளிர் தாங்காமல் சொல்லாமல் இறங்கி, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுச் சாலையில் நின்ற காருக்குப் போய்விட்டிருந்தான்; இன்னும் கொஞ்ச நேரத்தில் குடிலின் நீராவி அறையில் இருப்பான். ரூனே ஆட்டுத்தோலில் கைவைத்தான். இன்னும் சூடு போகவில்லை.

வாக்கிடாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நாற்காலி நன்றாகத்தான் இருந்தது. கீழே எங்கோ அவன் பாறை இருக்க வேண்டும், அதற்கப்பால் சதுப்பு, சதுப்புக்கு அப்பால் அப்பா உட்கார்ந்த ஏரிக்கரை. எதுவுமே தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது. மடியிலிருந்த வாக்கிடாக்கியை எடுத்துப் பொத்தானை அழுத்தினான்.

"ரூனே."

நெடுநேரம் இரைச்சல் மட்டும் வந்தது. குரலை எவெர்ட்டுக்குத் தெரியும், வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"குண்டை எடுத்தாச்சா?" என்றான் எவெர்ட், சட்டம் அப்படி.

"துப்பாக்கியே இல்லடா எங்கிட்ட."

மறுபடி இரைச்சல். "சரி. ரூனே காலி" என்றான் எவெர்ட். "இறங்கிடு. வேட்டை முடிஞ்சுது."

குடிலில் கூலியோடு ஒரு பிளாஸ்டிக் பையும் கொடுத்தார்கள். விரட்டுகிறவர்களுக்குக் கழுத்துக் கறி, எலும்போடு. நீராவியில் சிவந்த பல் மருத்துவன் தோளில் துண்டோடு வந்து, தன்னால் எல்லோரும் பனியில் நிற்க நேர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்டான், நிஜமாகவே வருத்தப்பட்டான். பித்தளை வில்லையை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று காஸ்பரிடம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபோது ஜன்னலோரத்து வாக்கிடாக்கியில் சத்தமில்லை. சீவ் அதன் கம்பியையே பிடுங்கிவிட்டிருந்தாள். அவளுக்கு அழுது முகம் வீங்கியிருந்தது. அவன் குரல் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பையை வாங்கித் தொட்டியில் வைத்தாள். முந்தாநாள் சூப்பைச் சூடுபண்ணி, மெல்லிசு ரொட்டியும் வெண்ணெயும் எடுத்து வைத்தாள். அவன் மேஜையில் உட்கார்ந்து கரண்டியை எடுத்தான். தூவா அடுப்படியில் சுருண்டுகொண்டது.

அந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, குரலை வேண்டுமென்றே உற்சாகமாக்கி நாயின் பக்கம் குனிந்தாள்.

"தூவா, ரூனே எங்கே?"

தூவா உடனே எழுந்தது. மேஜையைச் சுற்றிக்கொண்டு, அவன் நீட்டிய உள்ளங்கையைக் கடந்து, கதவுக்குப் போனது. காட்டுப் பக்கத்துக் கதவு. அதன் கீழ்விளிம்பில் மூக்கை வைத்து மூச்சிழுத்தது, காதுகள் நிமிர்ந்தன, வால் மெல்ல ஆடியது. பிறகு கதவைத் திறந்துவிடச் சொல்லி, காலால் பிராண்டிக்கொண்டே சீவைத் திரும்பிப் பார்த்தது.